அன்றாடத்துக்கு ஒரு சுடிதார்

“...அப்ப கோணிப்பைய ரெண்டா வெட்டித்தான் பிள்ளைக்குத் தச்சுப் போடணும். வேற என்னதான் செய்யச் சொல்லுதீய?” என்று அந்த ஜவுளிக்கடையில் அத்தை கேட்டாள். கடைக்கார அண்ணாச்சி, கோணிப்பைதான் இப்போது மலிவாகக் கிடைக்கிறதா என்பது போல ஒரு பார்வை பார்த்தார்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தாள். உப்பளத்தில் வேலை. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றி, விடிவதற்கு முன்பே கிளம்பிப் போவாள். வெயிலுக்கும் உப்புக்கும் அந்தச் சட்டைதான் காவல். உடுப்பு என்பதைப் பற்றி அவளுக்கு இருந்த கருத்து ஒன்றே ஒன்றுதான். “போட்ட பிறகு அதை மறந்துரணும். மறக்க விடாத துணி துணியா?” என்பாள். கடைகளில் அவளோடு போவது அம்மாவுக்குக் கொஞ்சம் சங்கடம். ஆனாலும் கணவருக்கு அக்கா, வர வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

அன்றைக்குச் சனிக்கிழமை. மத்தியானம் முதல் மூன்று பேரும் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி கடை கடைசி. எனக்குப் பதினாலு வயது நடந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்து கோடை விடுமுறை. கடற்கரைச் சாலையில் ஒரு சர்ச் மண்டபத்தில், கல்லூரிப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து விடுமுறை முழுக்கக் காசு வாங்காமல் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பதாக அறிவித்திருந்தார்கள். இருந்ததே கொஞ்சம் இடம். அதில் ஒன்று எனக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலையில் ஆள் நேரில் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

அப்பா தடுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். “ரெண்டு பஸ் மாறணும். ஹார்பர் ரோட்டுல இறங்கி நிக்கணும். பூரா லாரிக்காரனுவ நிக்க இடம். உடுப்பு ஒழுங்கா இருந்தா அனுப்பு, இல்லன்னா பிள்ள வீட்டுலயே இருக்கட்டும்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அப்பாவே துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றும் லாரிதான் ஓட்டினார். லாரிக்காரர்களைப் பற்றி ஒரு லாரிக்காரர் சொன்னால் அதற்கு மேல் யார் வாதாடுவது?

பள்ளிக்கூடம் இருந்தவரை சீருடை இருந்தது, கவலையில்லை. வீட்டில் போட்டுக்கொள்ள இருந்தது போன வருடத்துப் பாவாடை சட்டை. அந்த ஒரு வருடத்தில் நான் முருங்கைக்காய் மாதிரி நீண்டுவிட்டதால், பாவாடை முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் நின்று, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் விழித்தது.

இதை வைத்து, எங்கள் வீட்டில் துணிக்குப் பஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். பீரோ நிறையத் துணி இருந்தது. அந்த மாசி மாதம்தான் நான் பெரியவளாகி, எனக்குச் சடங்கு சுற்றியிருந்தார்கள். அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, தட்டில் வைத்துக் கொண்டுவந்தது ஆரஞ்சு நிறத்தில் ஒரு பாவாடைத் தாவணி. அதில் இருந்த ஜரிகையை உருக்கினால் ஒரு குத்துவிளக்கு செய்யலாம். அத்தை எடுத்துக் கொடுத்தது மயில் நீலத்தில் தரை கூட்டும் நீளச் சட்டை. உடம்பெல்லாம் வலைத்துணி, வலையெல்லாம் கல். “ஊருக்கே ஒண்ணுதான் வந்திருக்கு” என்று அண்ணாச்சி சொல்லி விற்றாராம். இன்னும் சித்தப்பா எடுத்தது, பெரியம்மா எடுத்தது என்று எல்லாம் மின்னின. சடங்கன்று நான் உடுத்தியது ஒரு பட்டுப்பாவாடை. மற்றவை அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை. நான் ஒரு நாள் ராணி மாதிரி இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை இருந்தது. அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நான் எதை உடுத்துவேன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் பார்த்த முதல் கடையில் இருந்தவையெல்லாம் தோளில் ஜன்னல் வைத்த சட்டைகள். வெட்டி எடுத்த துண்டு உள்ளே எங்கேயாவது கிடக்கிறதா, இருந்தால் வைத்துத் தைத்துக்கொள்கிறோம் என்று அம்மா நிஜமாகவே கேட்டாள். இரண்டாவது கடையில் நல்ல பருத்திச் சட்டை ஒன்று கிடைத்தது. நெஞ்சில் ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருந்தது. என்ன போட்டிருக்கு, படி என்றாள் அம்மா. படித்தேன். அர்த்தம் என்ன என்றாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். தெரியும்.

மூன்றாவது கடையில் நின்ற அக்கா முதலில் முதுகில் பெரிய முடிச்சு வைத்த கவுன் ஒன்றைக் காட்டினாள். அது என் தங்கை வயதுக்கு, எனக்குத் தங்கை இருந்திருந்தால். அடுத்து அவள் எடுத்துப் போட்ட சுடிதாருக்குள் நானும் அம்மாவும் சேர்ந்தே நுழையலாம். நடுவில் ஒன்றும் இல்லை. அந்த ஊர் ஜவுளிக்கடைகளைப் பொறுத்தவரை பதினாலு என்று ஒரு வயதே கிடையாது. பிள்ளையாக இருந்தவள் ஒரே ராத்திரியில் பொம்பளையாகிவிட வேண்டும்.

உடம்புக்குச் சரியாக இருந்த ஒன்றிரண்டும் அம்மாவின் சோதனையில் தோற்றன. அம்மா கடை நடுவில் என்னை நிறுத்தி, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி கையைத் தூக்கச் சொல்வாள். சட்டை மேலே ஏறக் கூடாது. குடத்தைத் தூக்குகிற மாதிரி குனியச் சொல்வாள். கழுத்து தொங்கக் கூடாது. கடைசியாகச் சம்மணம் போட்டு உட்காரச் சொல்வாள். பொத்தானோ தையலோ முனகக் கூடாது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் மனசுக்குள் அந்தச் சோதனை பிடித்தும் இருந்தது. எனக்கும் வேண்டியது அதுதானே. இழுத்து இழுத்து விட்டுக்கொள்ளாமல் ஒரு இடத்தில் நிம்மதியாக உட்காரணும், அவ்வளவுதான்.

அண்ணாச்சி கடையிலும் கல்லும் ஜரிகையும் தவிர ஒன்றும் இல்லை என்றான பிறகுதான் அத்தை கோணிப்பையைப் பற்றிக் கேட்டாள். அம்மா ஒரு பெருமூச்சு விட்டு, “சரி, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்” என்றாள். பெரியவர்கள் சொல்கிற வார்த்தைகளிலேயே எனக்கு அதைப் போலப் பயம் தருவது வேறொன்றும் இல்லை. அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு யார் கண்டது? அழுகையை அடக்க, ஓடுகிற மின்விசிறியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை என்னைப் பார்த்தாள்.

சாயங்காலம் தண்ணி லாரி வந்தது. அம்மா குடங்களோடு வரிசையில் நின்ற நேரம் பார்த்து அத்தை எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள். “ஏளா, நான் எடுத்துக் குடுத்த நீலத்த எடு. பெட்டி அங்கனயே இருக்கட்டும், உள்ள பழைய போர்வைய மடிச்சு வையி” என்றாள். பீரோ சாவி அரிசி டின்னில் இருப்பது எனக்குத் தெரியும். அரிசிக்குள் கையை விட்டு, திருடியே பழக்கப்பட்டவள் மாதிரி ஒரே துழாவலில் சாவியை எடுத்துவிட்டேன். அது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சடங்கில் வைத்துக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது. அதிலும் அத்தை முறையில் இருப்பவள் எடுத்தால், பிறந்த வீட்டுக்குச் செய்ததைப் பறித்துவிட்டாள் என்று ஊர் சிரிக்கும். அத்தைக்கு இது தெரியாமலில்லை. அதனால்தான் அண்ணாச்சி கடைக்குப் போகிற வழியெல்லாம் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டே வந்தாள். அம்மாவிடம் மட்டும் மூச்சு விடக் கூடாது.

அண்ணாச்சி துணிப்பையைத் திறந்து பார்த்ததும் பாம்பைத் தொட்டவர் போலக் கையை எடுத்துவிட்டார். “யக்கா, சடங்குத் துணி கடைக்குத் திரும்பி வரப்பிடாது. எனக்கும் பொம்பளப் பிள்ளைக இருக்கு.”

“உடுத்தாத துணிக்கு என்ன சடங்கு அண்ணாச்சி? ஒங்க கடையில இருந்துச்சு, எங்க பீரோவுல இருந்துச்சு. பீரோவுல இருந்ததால அதுக்கு வயசா கூடிட்டு?”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சாதாரணத் துணிதான் இல்லையே, பதிலுக்கு எதைக் கொடுப்பது என்றார். அத்தை, போன தீபாவளிக்கு முன்னால் அவர் கடைப் பரணில் ஒரு கட்டு ஏற்றியதைப் பார்த்ததாகச் சொன்னாள். அதுவா என்று இழுத்தார் அண்ணாச்சி. கல் இல்லை, ஜரிகை இல்லை, எந்தப் பெண்ணும் திரும்பிப் பார்க்கவில்லை, லாரி துடைக்கிறவர்களுக்குக் கழிவுத்துணியாகத் தள்ளிவிடலாம் என்று இருந்தாராம். ஏணி போட்டுக் கட்டு இறங்கியது. தூசு தட்டிப் பிரித்தால், உள்ளே பருத்திச் சுடிதார்கள். கருஞ்சிவப்பு, இலைப்பச்சை, சாம்பல், ஊதா. முழங்கைக்குக் கீழே வரும் கை. முழங்காலுக்குக் கீழே இறங்கும் சட்டை. தொளதொளப்பான பேன்ட், அதே நிறத்தில் துப்பட்டா. எல்லாம் என் வயதுப் பிள்ளைகளுக்கான அளவு. சடங்குக்கும் கல்யாணத்துக்கும்தான் பிள்ளைகளுக்குத் துணி எடுப்பது என்று ஊரே வைத்திருந்ததால், வெறும் நாளுக்கான துணி பரணில் போய் உட்கார்ந்துவிட்டது.

அத்தை அம்மாவின் சோதனையைத் தானே எனக்கு வைத்தாள். கையைத் தூக்கினேன், குனிந்தேன், தரையில் உட்கார்ந்தேன். ஒன்றும் ஏறவில்லை, தொங்கவில்லை, முனகவில்லை. பேசி முடித்து, நீலச் சட்டைக்கு ஈடாக, கருஞ்சிவப்பும் இலைப்பச்சையுமாக இரண்டு செட் எடுத்துக்கொண்டோம். நீலத்தை விற்கிறபோது வாங்குகிறவர்களுக்குப் பாதி விலையில் கொடுக்க வேண்டும், அது எங்கிருந்து வந்தது என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்று அத்தை சொன்னாள். தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாள், அவர் தலையில்.

மறுநாள் அத்தை அந்த இரண்டையும் அம்மாவிடம் கொடுத்து, அண்ணாச்சி கடைப் பரணில் இன்னும் கட்டு கட்டாகக் கிடக்கிறது, தூசு பிடித்ததால் தனக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார் என்று கூசாமல் சொன்னாள். அம்மா துணியைத் தடவிப் பார்த்தாள். அண்ணாச்சி சும்மா கொடுக்கிற ஆளில்லை என்று தெரு முழுக்கத் தெரியும். இருந்தும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று எனக்கு உயிர் வந்தது.

திங்கட்கிழமை இலைப்பச்சையை உடுத்திக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்றேன். மேலிருந்து கீழே பார்த்துவிட்டு “ம்” என்றார். அப்பாவின் அகராதியில் அதற்கு ஒரு பக்கம் நீளத்துக்கு நல்ல அர்த்தம் உண்டு. பஸ்ஸில் கூட்டம். கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தேன். வ.உ.சி. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நின்றன. என்ன உடுத்தியிருக்கிறேன் என்பதையே மண்டபத்து வாசல் வரைக்கும் மறந்துபோயிருந்தேன். வருகைப் பதிவில் என் பெயர் வந்ததும் இருக்கிறேன் என்று சொன்னேன் பாருங்கள், அந்தச் சத்தம் எனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

அந்த வாரம் நடுவில் இன்னும் இரண்டு செட் கொடியில் காய்ந்தன, ஊதாவும் சாம்பலும். அத்தைதான் கொடுத்துவிட்டிருப்பாள் என்று நானாக எண்ணிக்கொண்டேன். கூடவே ஒரு பயமும் வந்தது. அரிசி டின்னில் இருந்த பீரோ சாவி அம்மாவின் இடுப்புக்கு ஏறிவிட்டது. துணி எடுக்கவேண்டுமென்றால் அவளே திறந்து, எடுத்துக் கொடுத்து, உடனே பூட்டினாள். நீலம் போனதைக் கண்டுபிடித்துவிட்டாள், தக்க நேரத்துக்காகக் காத்திருக்கிறாள் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அடுத்த தெருவில், எண்ணெய்க்கடை வீட்டுப் பிள்ளைக்குச் சடங்கு. விசேஷம் என்றால் அம்மா என்னை மின்னுகிற ஒன்றைத்தான் உடுத்தச் சொல்வாள். பெட்டியைத் திறந்தால் போர்வைதான் இருக்கும். என் கதை முடிந்தது என்று நின்றேன். அம்மாவோ, “வெயிலா இருக்கு. அந்தச் செவப்பு சுடிதாரே போதும்” என்றாள். வாசலில் நின்ற அத்தை அவசர அவசரமாக, “ஆமா ஆமா, பருத்திதான் ஒடம்புக்கு நல்லது” என்றாள். இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாதாவோ முருகனோ யாரோ ஒருவர் என் பக்கம் இருக்கிறார் என்று நம்பினேன்.

மண்டபத்தில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், எனக்கு ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அத்தை. மேளம் கொட்ட, பெண்ணை மேடைக்கு அழைத்து வந்தார்கள். அவள் உடுத்தியிருந்தது மயில் நீலம். வலையெல்லாம் கல். ஊருக்கே ஒன்றுதான் வந்தது.

அத்தை பக்கம் திரும்பினேன். அவள் முகத்தைத் தண்ணீர் பாட்டிலால் மறைத்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தாள், பாட்டில் காலியான பிறகும். அம்மா மேடையையே பார்த்தாள். அப்போதுதான் அந்தப் பெண்ணின் தாய்மாமா வீட்டார் வரிசைத் தட்டுகளோடு நடைபாதையில் வந்தார்கள். பழத்தட்டு, பூத்தட்டு, வளையல் தட்டு. நாலாவது தட்டில் ஆரஞ்சு நிறத்தில், குத்துவிளக்கு செய்யலாம் போல ஜரிகையோடு, என் மாமா எனக்குக் கொண்டுவந்த பாவாடைத் தாவணி.

இப்போது தண்ணீர் பாட்டில் கீழே இறங்கியது. அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா அத்தையைப் பார்த்தாள். நடுவில் நான், இரண்டு லாரிக்கு இடையில் மாட்டிக்கொண்ட சைக்கிள் மாதிரி.

“மதினி,” என்றாள் அம்மா மெதுவாக, “அந்தப் பிள்ள உடுத்திருக்கது... நீங்க எடுத்துக் குடுத்ததுல்லா?”

“தட்டுல போறது,” என்றாள் அத்தை, “ஒன் தம்பி எடுத்ததுல்லா, ஏளா?”

மண்டபம் இடிந்து விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். இடியவில்லை. முதலில் ஒரு பக்கம் நாற்காலி குலுங்கியது. அப்புறம் மறுபக்கம். கண்ணைத் திறந்தால் இரண்டு பேரும் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். “ஒங்களுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பீயளோன்னு பயந்து பயந்து, இந்தச் சாவிய இடுப்புல கட்டிக்கிட்டே தூங்கினேன், மதினி” என்று அவள் சொல்ல, அத்தை என் தலைக்கு மேலாகக் கையை நீட்டி அம்மாவின் தோளில் ஒன்று போட்டாள்.

எனக்குக் கோபமாக வந்தது. மூன்று வாரமாகச் சோறு இறங்காமல் இருந்தவள் நான். கொடியில் காய்ந்த ஊதாவும் சாம்பலும் யார் போட்டவை என்று விளங்கவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒருத்தி தன் கொடையையும் இன்னொருத்தி தன் தம்பியின் சீரையும் மற்றவளுக்குத் தெரியாமல் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேரிடமும் சத்தியம் செய்த அண்ணாச்சி, இரண்டையும் ஒரே வீட்டு விசேஷத்துக்கு விற்றுவைத்திருக்கிறார். இதில் திட்டு வாங்க வேண்டியவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது எனக்குப் புரிய நான் வேலைக்குப் போய், ஒரு வீட்டுக்கு வாழப்போய், எனக்கும் ஒரு நாத்தனார் வாய்க்க வேண்டியிருந்தது.

பெண்ணுக்குச் சந்தனம் பூச, வந்திருந்த பெண்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அத்தை எழுந்து போனாள். உண்மையைச் சொல்லிவிடப் போகிறாளோ என்று நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். மேடையில் அந்தப் பெண் அவ்வளவு நேரமும் சறுக்கிச் சறுக்கி இறங்கிய கழுத்தை ஒரு கையால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அத்தை அவள் கன்னத்தில் சந்தனத்தைத் தடவினாள். பிறகு தன் தாலிக்கொடியில் தொங்கிய ஊக்கு ஒன்றைக் கழற்றி, முதுகுப் பக்கமாகக் கையை விட்டு, யாருக்கும் தெரியாமல் அந்தக் கழுத்தை ஏற்றிக் குத்திவிட்டாள். பெண் கையைக் கீழே போட்டாள். அதற்கப்புறம் அத்தை அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் குனிந்து காதில் என்னவோ கேட்டாள். அந்த அம்மா முதலில் விழித்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கி, இல்லை என்று தலையாட்டினாள். அத்தை கூட்டத்துக்குள் என்னைக் கை காட்டினாள். அந்த அம்மா என் சிவப்புச் சுடிதாரை வெகுநேரம் பார்த்தாள். நான் எதற்கென்று தெரியாமல் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டேன்.

அத்தை மேடையிலிருந்து இறங்கி எங்களிடம் வரவில்லை. நேராகப் பந்தி நடக்கிற பக்கம் போனாள். அங்கே அண்ணாச்சி இலைக்கு முன்னால் உட்கார்ந்து பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழப் பார்த்தார். சாப்பிட்ட கையோடு எங்கே போவது? சண்டை வரப்போகிறது, போய்த் தடுங்கள் என்று அம்மாவை உலுக்கினேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே இருந்தாள்.

அத்தை அவருக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேடைப் பக்கம் ஒரு தடவை கையைக் காட்டினாள், பிறகு பரணைக் காட்டுகிற மாதிரி மேலே ஒரு தடவை. பிறகு அண்ணாச்சியின் முகத்துக்கு நேராக இரண்டு விரலை நீட்டினாள். வடை கேட்கிறாள் போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.